ஜெர்மனியில் வாடகை வீடு: சாவி வாங்கிய பிறகு தெரியவரும் வித்தியாசங்கள்

நெக்கார்க்கரை:

என் தங்கை குடும்பத்தோடு ஸ்டுட்கார்ட்டுக்கு வருகிறாள். விசா, வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு பற்றியெல்லாம் எழுதாதவர் இல்லை. வீட்டுச் சாவியைக் கையில் வாங்கிய பிறகு அன்றாடம் என்னென்ன மாறும் என்பதை மட்டும் யாரும் விரிவாகச் சொல்வதில்லை. இந்த இழையில் அதைச் சேர்ப்போம். சமையலறை, குளியலறை, குப்பை, சத்தம், எதுவானாலும் எழுதுங்கள். "இங்கே எல்லாம் சுத்தம், ஊரில் எல்லாம் மோசம்" ரகப் பதிவுகள் மட்டும் வேண்டாம், தயவுசெய்து.

நானே தொடங்குகிறேன். வெற்று வீடு. இங்கே பல வாடகை வீடுகளில் சமையலறையே இருக்காது. அறை இருக்கும். தண்ணீர்க் குழாயின் முனையும் அடுப்புக்கான மின் இணைப்பும் சுவரிலிருந்து எட்டிப் பார்க்கும். அலமாரி, பாத்திரம் கழுவும் தொட்டி, அடுப்பு எல்லாவற்றையும் முன்பு இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். விளக்குகளும் அப்படித்தான், உத்தரத்தில் கம்பி மட்டும் தொங்கும். குடிபோகிற அன்று மாலைக்குள் ஒரு விளக்காவது மாட்டவில்லை என்றால் இருட்டில்தான் சாப்பாடு.

விளம்பரத்தில் "ஐன்பவ்க்யூஷே" என்று போட்டிருந்தால் சமையலறை உண்டு. சில சமயம் காலி செய்கிறவரே தன் சமையலறையை நமக்கு விற்பார். அந்தப் பணத்துக்கு "அப்லோஸே" என்று பெயர். பழைய அலமாரிக்குப் புது விலை கேட்பவர்களும் உண்டு, பேரம் பேசலாம். அடுப்பு மட்டும் 400 வோல்ட் மூன்று ஃபேஸ் இணைப்பில் ஓடுவது. அதை எலக்ட்ரீஷியன்தான் மாட்ட வேண்டும். மாமாவின் நண்பருக்குத் தெரியும் என்கிற வேலை இங்கே ஆகாது.

வெந்தயக்குழம்பு:

நல்ல இழை. நான் பெர்லின். என்னுடைய புகார் ஜன்னல்.

வீட்டு ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது, தினமும் ஜன்னலை அகலத் திறந்து காற்றோட்டம் விட வேண்டும் என்று. குளிர்காலத்திலும்தான்! வெளியே மைனஸ் 5 டிகிரி, உள்ளே காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று, அதைத் திறந்து வெளியே விட வேண்டுமாம். அலுவலகத்திலும் இதே கதை. திடீரென்று ஒருவர் எழுந்து ஜன்னலைத் திறப்பார், யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள். எனக்கு இது பழக்கதோஷம் என்றுதான் தோன்றுகிறது. அதற்கு ஒரு விஞ்ஞானப் பூச்சு.

செங்கல்சூளை:

வெந்தயக்குழம்பு, பூச்சு இல்லை, உண்மையிலேயே விஞ்ஞானம்தான். கட்டடங்களின் வெப்பக் கணக்குப் போடுவது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வீடு காற்று புகுந்து வெளியேறும்படி கட்டப்பட்டது. ஜன்னலை மூடினாலும் கதவிடுக்கில், வென்டிலேட்டரில், ஓட்டுச் சந்தில் காற்று போய்வரும். இங்கே வீடு கிட்டத்தட்ட மூடிபோட்ட டப்பா. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1977-ல் கட்டடங்களின் வெப்பக் காப்புக்கென முதல் ஆணை வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு திருத்தத்திலும் சுவர் கனமாகி, ஜன்னலின் இடுக்குகள் அடைபட்டுக்கொண்டே வந்தன.

அப்படி அடைத்த வீட்டுக்குள் நான்கு பேர் மூச்சுவிட்டு, குளித்து, சமைத்து, துணி காயப்போட்டால் ஒரு நாளில் சுமார் 10 லிட்டர்வரை தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கும். அது போக இடம் இல்லை. 20 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டரில் 17 கிராம் ஈரத்தைத் தாங்கும். 0 டிகிரிக் காற்று 5 கிராம்கூடத் தாங்காது. ஆகவே வீட்டில் எந்த மூலை குளிர்ந்திருக்கிறதோ, அங்கே ஈரம் சுவரில் படியும். வெளிச்சுவர் மூலை, கட்டிலின் தலைமாடு, சுவரோடு ஒட்டிய அலமாரியின் முதுகு. பத்தே நாளில் கறுப்புப் புள்ளி வைக்க ஆரம்பித்துவிடும்.

இப்போது ஜன்னலைத் திறக்கும் கணக்கு. வெளிக்காற்று குளிர்ந்தது, ஆகவே அதில் ஈரம் மிகக் குறைவு. அதை உள்ளே விட்டுச் சூடாக்கினால் உலர்ந்த காற்று கிடைக்கும். எதிர்எதிர் ஜன்னல்களை 5 முதல் 10 நிமிடம் முழுசாகத் திறந்தால் போதும், உள்காற்று மொத்தமும் மாறிவிடும். சூடு பெரும்பாலும் சுவரிலும் தரையிலும் மேசை நாற்காலியிலும்தான் தங்கியிருக்கிறது, காற்றில் இருப்பது கொஞ்சம். அதனால் ஜன்னலை மூடிய சில நிமிடங்களில் அறை பழைய சூட்டுக்கு வந்துவிடும். இதற்குத்தான் "ஸ்டோஸ்லூஃப்டன்" என்று பெயர். திறக்கும்போது ரேடியேட்டரை அணைத்துவிடுங்கள்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. இங்கத்திய ஜன்னல் கைப்பிடியைக் கீழே விட்டால் மூடல், பக்கவாட்டில் திருப்பினால் முழுத் திறப்பு, மேலே திருப்பினால் மேல்விளிம்பு மட்டும் உள்ளே சாயும். அந்தச் சாய்ந்த நிலையில் குளிர்காலத்தில் நாள் முழுக்க விட்டுவிடுபவர்கள் அநேகம். காற்றும் சரியாக மாறாது, ஜன்னலைச் சுற்றிய சுவரும் சில்லிட்டுப் போகும். பூஞ்சைக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான் அது.

பழையபெட்டி:

செங்கல்சூளை தம்பி சொன்னதில் பாதியை நான் கண்ணால் பார்த்தவன். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன் நான். அப்போது எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் பழைய வீடுகள். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், நிலக்கரி போடுகிற அடுப்பு, கழிப்பறை படிக்கட்டில். குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். விடிய எழும்பினால் ஜன்னல் கண்ணாடியில் பனிப்பூ பிடித்திருக்கும். ஆனால் பூஞ்சை இல்லை, ஏனென்றால் ஜன்னலின் எல்லா இடுக்காலும் காற்று போய்வந்தது.

பிறகு வீட்டுக்காரர் ஜன்னல்களை மட்டும் மாற்றினார். இரட்டைக் கண்ணாடி, ரப்பர் விளிம்பு, வடிவான வெள்ளைச் சட்டம். சுவர் பழைய சுவரேதான். அந்த மாரியிலேயே கட்டடத்தில் பாதி வீடுகளில் மூலையெல்லாம் கறுத்துவிட்டது. "நீங்கள் சோறு கறி காய்ச்சுகிற ஆவிதான் காரணம்" என்று எங்களுக்குக் கடிதம் வந்தது. மேல்மாடியில் தனியே இருந்த ஜெர்மன் கிழவிக்கும் அதே கடிதம் வந்தது. அவ அதைக் கொண்டுவந்து காட்டிச் சிரித்தா.

ஒன்று சொல்கிறேன். பூஞ்சை வந்தால் குடியிருப்பவன்தான் குற்றவாளி என்று எடுத்தவுடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். படம் எடுத்து, எழுத்தில் அறிவியுங்கள். குடியிருப்போர் சங்கம், "மீட்டர்ஃபெரைன்" என்பது, ஊருக்கு ஊர் இருக்கிறது. ஆண்டுச் சந்தா கட்டிச் சேர்ந்தால் சட்ட ஆலோசனை தருவார்கள்.

வெந்தயக்குழம்பு:

சரி, ஜன்னல் விஷயத்தில் தோற்றேன். ரேடியேட்டருக்கு வருவோம். அந்தக் குமிழில் 1 முதல் 5 வரை இருக்கிறதே, 5-ல் வைத்தால் சீக்கிரம் சூடாகுமா?

செங்கல்சூளை:

ஆகாது. அந்த எண் வேகத்தைச் சொல்வதில்லை, எந்தச் சூட்டில் நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்கிறது. 3 என்றால் சுமார் 20 டிகிரி. ஒரு எண் ஏறினால் ஏறத்தாழ 4 டிகிரி கூடும். 5-ல் வைத்தால் 28 டிகிரியை நோக்கி ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். நட்சத்திரக் குறி, குழாய் உறையாமல் காக்கும் நிலை. ஊருக்குப் போகும்போது அதில் விட்டுப் போகலாம்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பொதுக் கொதிகலன் உள்ள கட்டடத்தில் சூடேற்றும் செலவில் 50 முதல் 70 சதவீதம்வரை உங்கள் வீட்டு அளவீட்டின்படி பிரிப்பார்கள், மீதி பெரும்பாலும் வீட்டின் பரப்பளவுப்படி. ஆக, முழுக்க அணைத்துவைத்துவிட்டுப் போர்வைக்குள் கிடந்தாலும் கொஞ்சம் கட்டத்தான் வேண்டும், அத்தோடு பூஞ்சையும் வரும்.

ஹாம்பர்க்குருவி:

சமையலுக்கு வருகிறேன். தங்கை என்னென்ன பாத்திரம் எடுத்துவருகிறாள் என்பது முக்கியம். அடுப்பு கண்ணாடித் தட்டா, அதிலும் இன்டக்‌ஷனா என்று முதலில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இன்டக்‌ஷனில் அலுமினியக் குக்கர் சூடே ஆகாது. பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால் வேலை செய்யும், ஒட்டாவிட்டால் செய்யாது, அவ்வளவுதான் சோதனை. இரும்பு தோசைக்கல் ஓடும். ஆனால் அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும், இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணாடியில் கீறல்தான். சாதாரணக் கண்ணாடி அடுப்பு என்றால் அணைத்த பிறகும் வெகுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும். பால் வைக்கிறவர்கள் அணைப்பதோடு நிற்காமல் பாத்திரத்தையும் நகர்த்த வேண்டும்.

அடுத்தது தாளிப்பு. நிறைய வீடுகளில் சிம்னி காற்றை வெளியே தள்ளாது. கரி வடிகட்டி வழியாக இழுத்து அதே அறைக்குள் திருப்பி விடும். வடிகட்டியை மாற்றாமல் விட்டால் அது சும்மா சத்தம் போடும் பெட்டிதான். மிளகாய் வறுக்கும் நாளில் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறங்கள். கதவைத் திறந்து படிக்கட்டுப் பக்கம் காற்று விட்டால் ஐந்து வீட்டுக்கும் இருமல்.

புகை அலாரம் எல்லா மாநிலங்களிலும் வீடுகளில் கட்டாயம். படுக்கையறை, குழந்தைகள் அறை, வெளியேறும் நடைவழி ஆகிய இடங்களில் இருக்கும். சமையலறையில் கட்டாயம் இல்லை என்பது நமக்குப் பெரிய நிம்மதி. நடைவழியில் உள்ளது அலறினால் கழற்றி டிராயரில் போடாதீர்கள். அதில் ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினால் சிறிது நேரம் சும்மா இருக்கும்.

இட்லி மாவு: ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டுவிட்டால் போதும். சூடு கொடுக்க வேண்டாம், பல்பின் வெப்பமே பொங்க வைத்துவிடும். இது எல்.இ.டி. விளக்கு உள்ள புது ஓவனில் நடக்காது.

அகத்தி:

குளியலறையைப் பற்றி யாரும் இன்னும் வாய் திறக்கவில்லையே. நாகரிகமா? நான் சொல்கிறேன்.

தரையில் தண்ணீர் போக வழி கிடையாது. அநேக வீடுகளில் வடிகால் தொட்டிக்குள்ளோ ஷவர் கூண்டுக்குள்ளோதான். பக்கெட், சொம்பு, தரையைக் கழுவிவிடுதல் எதுவும் நடக்காது. தண்ணீர் தேங்கினால் கீழ்வீட்டு உத்தரத்தில் கறை வரும், அதற்கு யார் செலவு என்று ஆறு மாதம் கடிதப் போக்குவரத்து நடக்கும். தனிநபர் பொறுப்புக் காப்பீடு என்று ஒன்று இருக்கிறது, "ஹாஃப்ட்ப்ஃப்ளிஹ்ட்". சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் முதல் வாரத்திலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள். நாம் அடுத்தவர் சொத்துக்குச் செய்யும் சேதத்துக்கு அதுதான் கை கொடுக்கும்.

கழிப்பறையில் பீச்சுக்குழாய் இருக்காது, காகிதம்தான். தொட்டிக்குப் போகும் குழாயில் ஒரு இணைப்பு வைத்துக் கைக்குழாய் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. மாட்டினால் ஒவ்வொரு முறையும் வால்வை அடைத்துவிட வேண்டும். அழுத்தத்திலேயே விட்டுவைத்த குழாய் ஒருநாள் வெடிக்கும், தரையில் வடிகாலும் இல்லை, மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கழிப்பறை பிரஷ் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். விருந்தாளியாகப் போனாலும் பயன்படுத்திவிட்டுத்தான் வெளியே வர வேண்டும், இது எழுதாத சட்டம்.

தண்ணீர் பற்றி. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், சுத்திகரிப்பான் தேவையில்லை. ஆனால் பெர்லின், மியூனிக் போன்ற ஊர்களில் கடினமான நீர். கெட்டிலில் வெள்ளையாகப் படியும், ஷவர் துளை அடைபடும், தேநீரில் மேலே ஏடு மிதக்கும். ஜெர்மன் அளவில் 14-க்கு மேல் போனால் கடின நீர் என்று கணக்கு. உங்கள் ஊரின் எண் என்ன என்பதை நீர் வழங்கும் நிறுவனத்தின் தளத்தில் பார்க்கலாம். சலவைத்தூள் பெட்டியின் பின்னால் அந்த எண்படி எவ்வளவு போட வேண்டும் என்று அட்டவணை இருக்கும். கெட்டிலுக்குச் சிட்ரிக் அமிலப் பொடியைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி ஊறவிட்டால் போதும். கொதிக்க வைக்காதீர்கள், கொதித்தால் வேறொரு படிவு உண்டாகிக் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

வெந்தயக்குழம்பு:

துணி துவைப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெஷினுக்குக் குளிர்நீர்க் குழாய் ஒன்றுதான், தண்ணீரை அதுவே சூடாக்கிக்கொள்ளும். "எக்கோ 40-60" என்று ஒரு ஓட்டம் இருக்கும், 2021 முதல் ஐரோப்பிய விதிப்படி எல்லாப் புது மெஷினிலும் உண்டு. மூன்று மணி நேரத்துக்கு மேலும் ஓடும். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து நிறுத்தாதீர்கள். நேரம் அதிகம், மின்சாரம் குறைவு, அதுதான் அதன் கணக்கு. பல கட்டடங்களில் மெஷின் நிலவறையில் இருக்கும். யாருக்கு எந்த நாள் என்று சுவரில் தாள் ஒட்டியிருப்பார்கள். அந்தத் தாளை மதிக்காதவனுக்குக் கட்டடத்தில் நண்பர்கள் இருக்க மாட்டார்கள்.

நெக்கார்க்கரை:

எங்கள் ஊரில் இன்னொரு தாளும் உண்டு, "கேர்வோஹே". இந்த வாரம் உங்கள் முறை என்று ஓர் அட்டையைக் கதவில் மாட்டுவார்கள். அந்த வாரம் படிக்கட்டைக் கூட்டித் துடைப்பது நம் வேலை. சில கட்டடங்களில் வாசலும் நடைபாதையும் சேர்ந்தது, பனி விழுந்தால் தள்ளுவதும் சேரலாம். ஒப்பந்தத்தில் இருந்தால் தப்பிக்க முடியாது. ஸ்டுட்கார்ட்டைச் சுற்றிய ஸ்வாபியப் பகுதியில் இதை எடுத்துக்கொள்கிற தீவிரம் வேறு எங்கும் கிடையாது. படிக்கட்டு ஏற்கெனவே பளபளவென்றுதான் இருக்கும், அதையே துடைக்க வேண்டும்.

குப்பையை யாராவது எழுதுங்கள். எனக்கு அதில் இன்னும் சந்தேகம் இருக்கிறது.

ஹாம்பர்க்குருவி:

பொதுவாகக் காகிதத்துக்கு நீலத் தொட்டி, பொட்டலப் பிளாஸ்டிக்குக்கும் தகரத்துக்கும் மஞ்சள் பை அல்லது மஞ்சள் தொட்டி, காய்கறிக் கழிவுக்குத் தனி, எதிலும் சேராததற்குத் தனி. நிறம் ஊருக்கு ஊர் மாறும், அதனால் நகராட்சித் தாளைப் பார்ப்பதே உத்தமம். கண்ணாடி பாட்டில்கள் தெருமுனைக் கலன்களுக்குப் போக வேண்டும்: வெள்ளை, பழுப்பு, பச்சை. நீலக் கண்ணாடி இருந்தால் பச்சையோடு போடுங்கள். ஞாயிறு, இரவு நேரங்களில் போடக் கூடாது, சத்தம்தான் காரணம்.

காலி பாட்டில் எல்லாம் குப்பை இல்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் பானத் தகரக் குவளைக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை. கடையில் மெஷினுக்குள் தள்ளினால் சீட்டு வரும், அதைக் கல்லாவில் கொடுத்தால் பணம். 2003-ல் தொடங்கியது, 2024 முதல் பால் பானப் பிளாஸ்டிக் பாட்டில்களும் சேர்ந்துவிட்டன. நசுக்கிவிட்டால் மெஷின் படிக்காமல் திருப்பிவிடும். நசுக்கி எடைக்குப் போட்டுப் பழகிய கை கொஞ்சம் அடங்க வேண்டும்.

செங்கல்சூளை:

படிக்கப் படிக்க ஒன்று தோன்றுகிறது. இங்கே எழுதியதில் முக்கால்வாசி ஒரே காரணத்திலிருந்து வருகிறது, அதாவது சூட்டை உள்ளே பிடித்துவைக்கும் வீடு. ஜன்னல் திறப்பு, உலர்ந்த குளியலறை, வெளியே தள்ளாத சிம்னி, நிலவறையில் துணி, எல்லாம் அதன் கிளைகள்தான். "ஜெர்மன்காரர்கள் இப்படித்தான்" என்று மனிதர்கள்மேல் ஏற்றிச் சொல்வதைவிடக் கட்டடத்தைப் பார்த்தால் பாதி புரிந்துவிடும்.

வெந்தயக்குழம்பு:

பூஞ்சைக்கு ஒப்புக்கொண்டேன், இதற்கு மாட்டேன். குப்பையை ஐந்தாகப் பிரிப்பதற்கும் சூட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஞாயிற்றுக்கிழமை துளைபோடக் கூடாது என்பதற்கு? சமையலறையைக் கழற்றிக்கொண்டு போவதற்கு? படிக்கட்டில் கதவு எண் போடாமல் பெயரை மட்டும் ஒட்டுவதற்கு? சொல்லுங்கள் பார்ப்போம். எல்லாவற்றையும் ஒரே ஆணியில் மாட்டாதீர்கள்.

பழையபெட்டி:

இதில் வெந்தயக்குழம்பின் பக்கம் நான். சமையலறைக் கதைக்குக் காரணம் குளிர் இல்லை, வாடகைச் சட்டம். இந்த நாட்டில் பாதிக்கு மேற்பட்ட ஆட்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். சாதாரண ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி கிடையாது. பதினொரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வழக்கமும் இல்லை. சட்டத்தில் சொன்ன காரணம் இல்லாமல் வீட்டுக்காரர் எழுப்பவும் முடியாது. ஒரே வாடகை வீட்டில் பிள்ளை பெற்று, வளர்த்து, பென்சன் எடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அப்படி இருக்கிறவன் தன் குசினியைத் தானே செய்துகொள்வான், போகும்போது கொண்டுபோவான். காலி செய்யும்போது சுவரை வெள்ளையடித்து, ஆணி ஓட்டையை அடைத்துக் கொடுக்கச் சொல்வதும் இதே கணக்குத்தான். ஆனால் அந்த நிபந்தனைகள் எல்லாமே செல்லும் என்று இல்லை, ஒப்பந்தத்தை ஒருமுறை சங்கத்தில் காட்டிக் கேளுங்கள்.

முன்பணம் 3 மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதுவும் துணைச் செலவு (சூடேற்றல், தண்ணீர், குப்பை போன்றவை) சேர்க்காத வாடகை. 3 தவணையாகக் கட்டலாம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்கு இது இனிக்கும். ஆண்டு முடிந்து துணைச் செலவுக் கணக்கு வரும்போது கொஞ்சம் கசக்கும். கணக்கு முடிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் அவர்கள் அனுப்ப வேண்டும். பிந்தினால் பெரும்பாலும் மிச்சப் பணம் கேட்க முடியாது.

செங்கல்சூளை:

ஐயா சொன்னது சரி. முக்கால் என்றதைப் பாதி என்று வைத்துக்கொள்வோம்.

அகத்தி:

ஞாயிறு பற்றிக் கொஞ்சம் தெளிவுபடுத்துகிறேன், நம் ஆட்கள் இதில் இரண்டு துருவம். ஒரு கூட்டம் எதையும் கண்டுகொள்வதில்லை, இன்னொரு கூட்டம் மிக்ஸி போடவே நடுங்குகிறது. ஞாயிறு ஓய்வு 1919 வைமார் அரசியல் சட்டத்திலேயே (அப்போதைய ஜெர்மன் குடியரசின் சட்டம்) இருந்தது, இன்றைய அரசியல் சட்டமும் அந்தப் பிரிவை அப்படியே வைத்திருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் ஞாயிறு முழுக்கப் புல்வெட்டும் இயந்திரம் ஓட்டக் கூடாது. துளைக்கருவி, சுத்தியல் வேண்டாம். இரவு அமைதி வழக்கமாக 10 மணி முதல் காலை 6 வரை. ஆனால் சட்னிக்கு ஒரு நிமிடம் மிக்ஸி ஓடுவது சமையலின் பகுதி. குழந்தை அழுவதும் அப்படியே. குக்கர் விசில் கேட்டு மேல்வீட்டுக்காரர் வந்து விசாரித்தால் திறந்து காட்டுங்கள், சிலர் நிஜமாகவே அது வெடிக்கப்போகிறது என்று பயந்துதான் வருகிறார்கள்.

ஹாம்பர்க்குருவி:

சின்னச் சின்னதாகச் சில:

வாசல் கதவில் வெளிப்பக்கம் திருகுகிற கைப்பிடி இருக்காது, அசையாத குமிழ்தான். காற்றில் சாத்திக்கொண்டால் சாவி இல்லாமல் திறக்க முடியாது. இரவில் வரும் பூட்டுக்காரர் கேட்கிற தொகை வயிற்றெரிச்சல். ஒரு சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். சாவியைத் தொலைத்தால் சில கட்டடங்களில் பூட்டுத் தொகுதியையே மாற்ற வேண்டிவரும். காப்பீடு எடுக்கும்போது இதுவும் அடங்குமா என்று கேளுங்கள்.

தபால்பெட்டியிலும் மணியிலும் குடும்பத்தில் எல்லாருடைய குடும்பப் பெயரும் இருக்க வேண்டும். நம் வீடுகளில் கணவனுக்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும் வேறுவேறு பெயர் இருக்கும், தபால்காரர் பாவம் என்ன செய்வார்? பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போகும்.

குடிவந்து 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் தேவை. பதிந்த கொஞ்ச நாளில் ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் வரும். மோசடி இல்லை. வீட்டுக்கு ஒன்று, மாதம் 18.36 யூரோ. டிவி இல்லை என்றாலும் உண்டு.

கட்டிலில் இருவருக்கும் தனித்தனிப் போர்வை. தலையணை 80-க்கு 80 சென்டிமீட்டர், சதுரம், தலை வைத்தால் அமுங்கிக் காணாமல் போகும். போர்வைச் சண்டை இல்லை என்பதால் இந்த ஒரு வழக்கத்தை ஊருக்கே ஏற்றுமதி செய்யலாம் என்பது என் கருத்து.

வெந்தயக்குழம்பு:

கோடையையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள். வருகிறவர்கள் எல்லாரும் ஸ்வெட்டரோடு வருகிறார்கள். உத்தரத்தில் மின்விசிறி கிடையாது, ஏ.சி. அரிது, ஜன்னலில் கொசுவலை இல்லை. ஜூலையில் மேல்மாடியில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

செங்கல்சூளை:

குளிர்காலக் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். பகலில் ஜன்னலை மூடி, வெளித்திரைச் சுருள் இருந்தால் இறக்கிவிடுங்கள். ராத்திரியும் விடியற்காலையும் எல்லாவற்றையும் திறங்கள். வெளிப்பக்கம் மறைப்பதுதான் பலன் தரும், உள்ளே தொங்கும் திரைச்சீலையை வெயில் தொடும்போதே சூடு உள்ளே வந்தாகிவிட்டது. கொசுவலைக்குச் சட்டத்தில் ஒட்டும் நாடாவோடு வெட்டிக்கொள்ளும் வலை வீட்டுச்சாமான் கடைகளில் கிடைக்கும், துளைபோட வேண்டியதில்லை.

நெக்கார்க்கரை:

எல்லாருக்கும் நன்றி, இழையை அப்படியே தங்கைக்கு அனுப்பிவிட்டேன். உடனே ஒரே ஒரு கேள்விதான் திரும்பி வந்தது: டேபிள் டாப் கிரைண்டரைக் கொண்டு வரலாமா? மின்சாரம் ஒத்துப்போகுமா?

அகத்தி:

இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மோட்டாருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. நம் மூன்று முள் பிளக் மட்டும் இங்கத்திய ஷுக்கோ துளையில் நுழையாது. எர்த் இணைப்போடு கூடிய அடாப்டராகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள், பயணத்துக்கென்று விற்கும் மெல்லிய அடாப்டர் பலவற்றில் எர்த் கிடையாது. ஈரக் கையோடு தொடுகிற சாமான் இது.

பழையபெட்டி:

கல்லைக் கழற்றித் துணியில் சுற்றிக் கைப்பெட்டியில் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், ஸ்கேனரில் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். பெரிய பெட்டியில் போடட்டும். இங்கே வந்ததும் அடியில் கனத்த ரப்பர் பாய் ஒன்று, வாஷிங் மெஷினுக்கு விற்கிறார்களே, அதை வெட்டிப் போட்டால் கீழ்வீட்டுக்கு அதிர்வு போகாது. சனிக்கிழமை பகலில் அரைத்துக்கொள்ளட்டும்.